ஒண்ணும் தெரியல

சண்முகசுந்தரத்துக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று இருந்தது என்றால், அது கால் போய்விடுமோ என்கிற பயம்தான். வருமான வரிக்காரர்கள் கடைக்குள் வந்து உட்கார்ந்தபோது மோர் கொடுத்து, ஃபேனைக் கூட்டி வைக்கட்டுமா என்று கேட்ட மனிதர் அவர். ஆனால் சர்க்கரை வியாதியில் அவருடைய அண்ணனுக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். தூத்துக்குடி வீட்டில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அந்த இழவுக்குப் போய்வந்த நாளிலிருந்து, தியாகராய நகர் ஜவுளிக்கடையில் வெள்ளை மெத்தை மேல் உட்கார்ந்து சேலை விரிக்கும்போதெல்லாம், சண்முகசுந்தரத்தின் கை தானாகப் போய் மடக்கிய பாதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். சர்க்கரை அவருக்கும் இருந்தது. கொஞ்சநஞ்சமில்லை, ஏகத்துக்கும் இருந்தது.

"நடங்க" என்றார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடலாம். இந்த மனிதருக்கோ இடுப்புக்கு மேலே முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. தெருமுனைப் பிள்ளையார் வரை போவதற்குள் கண்ணில் பூச்சி பறக்கும். சாதாரண சைக்கிளில் ஏறினால் குனிய வேண்டும், குனிந்தால் போச்சு. நடக்காமல் சர்க்கரை இறங்காது, நடந்தால் இடுப்பு விடாது. நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர் சோற்றைக் குறைத்து, முகம் சுண்டிப்போய், வீட்டுக்கும் கடைக்கும் ஆட்டோவில் போய்வந்துகொண்டிருந்தார்.

இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற பெண்ணா அவர் மகள்? தாரணி படித்தது மெக்கானிக்கல். "அவ்வளவு படிச்சிட்டுச் சைக்கிள் கடை வச்சிருக்கா" என்று சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் வாயைக் கோணிக்கொண்டு சொல்வார்கள். அது கடையில்லை. சைதாப்பேட்டை கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. உடம்புக்கு ஏற்றபடி நீட்டவும் குறைக்கவும் முடிகிற சைக்கிள் ஃபிரேம்களை அவள் அங்கே வடிவமைத்தாள், ஷோயப் வெல்டிங் செய்தான். முதுகில் ஆபரேஷன் ஆனவர்கள், ஒரு தோள் விழுந்தவர்கள், கடைச் சைக்கிள் சீட் தாங்காத அளவுக்குக் கனத்தவர்கள், இப்படிப்பட்டவர்கள்தான் அவளைத் தேடி வந்தார்கள்.

அவள் வேலை செய்கிற விதமே தனி. வந்தவரை ஏற்றி உட்காரவைத்து மிதிக்கச் சொல்வாள். "எங்க வலிக்குது?" என்று கேட்பாள். முட்டியில் என்றால் பெடல் மாட்டியிருக்கிற முன்குழாயை ஒரு விரற்கடை வெளியே இழுப்பாள். கழுத்தில் என்றால் சீட்டைச் சற்று நிமிர்த்துவாள். மறுபடி மிதி, மறுபடி எங்கே வலிக்கிறது. அந்த ஆள் யோசித்துப் பார்த்து, "இல்லையே, ஒண்ணும் தெரியலையே" என்று எப்போது சொல்கிறாரோ, அப்போதுதான் போல்ட்டை முறுக்குவாள்.

"எல்லாரும் டேப்பு வெச்சு அளந்துக்கினு கீறாங்க, நீ இன்னாக்கா ஆளோட ஐயோ அம்மாவ வெச்சே அளக்குற" என்று ஷோயப் கிண்டல் செய்வான். அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அப்பாவுக்கு மூன்று சக்கரத்தில் ஒன்று வரைந்தாள். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, நடுவே தரையை ஒட்டி ஒரு சாய்ந்த சீட். ஈசிசேரில் படுப்பதுபோலச் சாய்ந்துகொண்டு, காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். முதுகின் பாரத்தை முழுக்கச் சீட் வாங்கிக்கொள்ளும். அளவெடுக்க அவரை வீட்டுக் கூடத்தில் சுவரோடு முதுகை ஒட்டி, காலை நீட்டி உட்காரச் சொன்னாள்.

"ஏட்டி, பந்தியில உக்கார வச்சிட்டு இலையப் போடாம டேப்பப் போடுதியே" என்றார் அவர். அவ்வளவு நாளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கைப் பேச்சு அது.

"இவுக வயிறு குறுக்க வரும், அதையும் சேத்து அளந்துக்கோ" என்றாள் அம்மா வடிவு, அடுப்படியிலிருந்து.

இந்த மாதிரிச் சைக்கிளில் ஓர் ஆபத்து உண்டு. ஓடும்போது கால் பெடலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தால், வண்டி அந்தக் காலின் மேலேயே ஏறி அதைப் பின்னால் மடக்கிவிடும். அப்பாவின் கால் விஷயத்தில் அவள் விளையாட்டாக இருப்பாளா? குதிகால் உட்காரப் பெடலில் ஒரு கிண்ணம் வைத்தாள். பாதத்தின் மேலே குறுக்காகப் போட்டு இறுக்கிக்கொள்ள அகலமான நைலான் வார் வைத்தாள். கால் நழுவ வழியே இல்லை என்று திருப்தியான பிறகுதான் ஃபிரேமுக்குப் பெயிண்ட் அடிக்கவே விட்டாள்.

கொட்டகையில் ஏற்றிப் பார்த்தபோது முதலில் தோள்பட்டை இழுக்கிறது என்றார். கைப்பிடியைத் தாழ்த்தினாள். பிடரி நோகிறது என்றார். தலைக்கு ஒரு திண்டு வைத்தாள். இடுப்பைக் கேட்டாள், அவர் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "ஆத்தாடி, இடுப்பு இருக்க எடமே தெரியலையே" என்றார். அவள் கண் கலங்கிவிட்டது.

"கால்ப்பா? பாதம் எங்கயாவது உறுத்துதா?"

"காலுக்கென்ன, ராசா மாதிரி இருக்கு. ஒண்ணும் தெரியல."

"நைனாவுக்கு லைசன்ஸ் குடுத்துரலாம்க்கா" என்றான் ஷோயப். அவள் போல்ட்டை முறுக்கினாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருஷம்வரை சண்முகசுந்தரத்துக்கு உள்ளங்கால் தீயாக எரியும். படுக்கப் போனால் வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. நின்றதற்கு நன்றியாக வடிவு திருச்செந்தூருக்குப் போய், வெள்ளியில் ஒரு ஜோடிப் பாதம் வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு வந்திருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் அதில் சந்தோஷம். டாக்டரிடம் போய், "எரிச்சல் நின்னுபோச்சு" என்று யாரும் சொல்லவில்லை. வலி போனதையெல்லாம் யாராவது டாக்டரிடம் போய்ச் சொல்வார்களா?

வண்டி வீட்டுக்கு வந்ததும் அந்த மனிதர் சின்னப்பிள்ளையாகிவிட்டார். காலையில் வெளிச்சம் வந்ததும் கிளம்பிவிடுவார். நந்தனம் வழியாக ஆழ்வார்ப்பேட்டை, அங்கிருந்து லஸ், மயிலாப்பூர் மாட வீதியை ஒரு சுற்று, திரும்பி வீடு. ஆட்டோக்காரர்கள் வேகத்தைக் குறைத்துத் தலையை வெளியே நீட்டி, "இன்னா பெர்சு, கட்டிலோட கெளம்பிட்டியா?" என்பார்கள். அவர் ஒரு கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்வார். தொப்பை இறங்கியது. சர்க்கரையும் இறங்கியது. ரத்தப் பரிசோதனைத் தாளை டாக்டர் இரண்டு தடவை பார்த்தாராம். "எம்மவ செஞ்ச வண்டி சார்" என்று சண்முகசுந்தரம் வெளியே காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். கடையில் சேலை விரிக்கும்போது காலைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம்கூட விட்டுப்போனது.

மற்ற வாடிக்கையாளர்களுக்குக் காட்டலாமே என்று, அப்பா ஓட்டுவதைப் படம் பிடிக்க ஒரு காலை தாரணி வடக்கு மாட வீதியில் போய் நின்றாள். தெப்பக்குளத்துப் பக்கமிருந்து அவர் வந்தார். போனில் பார்த்தவளுக்குப் பகீரென்றது. வாங்கிக் கொடுத்த ஷூ காலில் இல்லை. வெறுங்கால்.

"என்னப்பா இது, ஷூ எங்க?"

"பையில இருக்கும்மா. வீட்டுலருந்து போட்டுக்கிட்டுத்தான் வாரேன். லஸ்ஸு வந்ததும் கழட்டிருவேன்."

"எதுக்கு?"

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பெற்று வளர்த்த பிள்ளை இதைக் கூடவா கேட்கும்? "உன் வண்டியில நான் எப்படி இருக்கேன்னு பாரு. காலு ரெண்டையும் முன்னால நீட்டிக்கிட்டு இருக்கேன். சாமி இருக்க எடத்தப் பாத்துக் காலை நீட்டுறதே பாவம். மேலுக்கு முடியல, மன்னிச்சிருப்பான்னு நெனச்சுக்கிடுதேன். அதுல செருப்ப வேற மாட்டிக்கிட்டுக் கோபுரத்துக்கு நேரா காமிக்கச் சொல்லுதியா?"

மனித உடம்பு எத்தனை விதமாக உட்காரும் என்று வரைந்து வரைந்து பார்த்தவள், கால் எதைப் பார்த்து நீளும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. சரி, வெறுங்கால்தான் என்றால் வெறுங்காலுக்கு ஏற்ற மாதிரி வண்டியை மாற்றிக் கொடுப்பதுதானே தன் தொழில் என்று குனிந்து பார்த்தாள். ஷூவுக்காக வைத்த வார், வெறும் பாதத்தின் மேல் லொடலொடவென்று கிடந்தது. இப்படி ஓட்டினால் கால் நழுவும், நழுவினால் மடங்கும். நடுத்தெருவில், பூக்காரிகள் பார்க்க, மண்டியிட்டு உட்கார்ந்து வாரை இழுத்தாள். இரண்டு துளை தள்ளிக் கொக்கியைப் போட்டாள்.

"இறுக்கமா இருக்காப்பா?"

"இல்லம்மா."

இன்னும் ஒரு துளை.

"இப்ப? வலிக்குதா? பாத்துச் சொல்லுங்க."

"ஒண்ணும் தெரியல, தாயி. நீ எழுந்திரு, சேலையெல்லாம் தூசி."

அடுத்த காலையும் அதேபோல இறுக்கிவிட்டு எழுந்தாள். அவர் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மிதித்துக்கொண்டு போனார். படம் நன்றாக வந்திருந்தது.

பங்குனி வெயில் ஏறியபோது ஒருநாள் தாரணி கடைக்குப் போனாள். சிநேகிதி ஜுவேரியாவின் தங்கைக்கு நிக்காஹ், அதற்குச் சேலை எடுக்க வேண்டும். உள்ளே நுழைந்தால் அப்பா போனில் கத்திக்கொண்டிருந்தார். ஆரணியில் தறிக்காரரோடு சண்டை. வெள்ளை மெத்தை விரிப்பில், அவர் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில், பழுப்புச் சிவப்பில் திட்டுத்திட்டாகக் கறை. அன்றைக்கு விரித்துக் காட்டியது முழுக்க அரக்குச் சேலைகள்.

"சாயம் விடுதுய்யா உம்ம சேலை! கண்ணால பாத்துக்கிட்டுச் சொல்லுதேன், மெத்தையெல்லாம் அப்பிக் கெடக்கு. நேத்தும் இப்படித்தான். யாவாரம் பண்ணுதீரா, இல்ல ஊர ஏமாத்துதீரா?"

தாரணியும் கறையைக் குனிந்து பார்த்தாள். ஜவுளிக்கடையில் பிறந்து வளர்ந்தவள், வெள்ளை விரிப்பில் சிவப்பைப் பார்த்தால் அவளுக்குச் சாயம் என்றுதான் தோன்றும். "பட்டுல போய்ச் சாயம் விடலாமாப்பா, திருப்பி அனுப்புங்க மொத்தத்தையும்" என்றாள். அரக்குச் சேலை அத்தனையும் மூட்டையாகக் கட்டி அன்றைக்கே ஆரணிக்குப் போனது. பாவம், அந்தத் தறிக்காரர் சத்தியம் செய்தாராம்.

விரிப்பு மாற்றினார்கள். கடையில் யாரும் செருப்புப் போடுவதில்லை, லட்சுமி இருக்கிற இடம். சண்முகசுந்தரம் வெறுங்காலோடு மெத்தையில் ஏறி உட்கார்ந்து, காலை மடக்கி, வேட்டியை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். குனிந்து தன் உள்ளங்காலைப் பார்க்க அவருக்கு இடுப்பு விடாது. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. நோகாத காலை எவன் தூக்கிப் பார்ப்பான்?

நாலைந்து நாள் கழித்து வீட்டில் நாற்றம் அடித்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று வடிவு பீரோவை நகர்த்தினாள், பரணில் ஆளை ஏற்றினாள், சாம்பிராணி போட்டாள். அன்று மத்தியானம் அவருக்குக் குளிர்க்காய்ச்சல் தூக்கிப் போட்டது. கம்பளி போர்த்தக் கால்மாட்டுக்குப் போன வடிவு, போர்வையைத் தூக்கியவள், போட்ட கூச்சலில் பக்கத்து ஃப்ளாட்காரர்கள் ஓடிவந்தார்கள்.

வலது பாதத்தில், வார் விளிம்பு அழுத்துகிற இடத்தில், சுண்டுவிரல் ஓரமாகச் சதை பிளந்திருந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. குதிகாலில், கிண்ணம் உராய்கிற இடத்தில், இன்னொன்று. அதைச் சுற்றிக் கறுத்து, கருமை கணுக்கால்வரை ஏறியிருந்தது. தாரணி சைதாப்பேட்டையிலிருந்து எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வந்து பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். புண் இருந்த இடங்களை அவள் வேறு யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவள் வரைந்த படத்தில் அத்தனையும் இருந்தன.

ஆஸ்பத்திரியில் சர்ஜன் ஓர் இளைஞர். சண்முகசுந்தரத்தைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, நல்ல பாதத்தில், இடது பாதத்தில், ஊசியால் குத்தினார்.

"எங்க குத்தறேன்னு சொல்லுங்க."

"இன்னும் குத்தலையே சார்."

கட்டைவிரலில் குத்தினார். உள்ளங்காலில் குத்தினார். ஒரு பொட்டு ரத்தம் வந்தது. "ஆரம்பிங்க சார்" என்றார் சண்முகசுந்தரம், கண்ணை மூடியபடியே.

தாரணி ஒரு பஞ்சை எடுத்து அந்த ரத்தத்தைத் துடைத்தாள். 

"நரம்பு செத்து வெகுநாள் ஆச்சு" என்றார் சர்ஜன், வெளியே வந்து. "முதல்ல எரியும். அப்புறம் எரிச்சல் நிக்கும். நிக்கறப்ப நல்லாயிடுச்சுன்னு எல்லாரும் நினைச்சுக்கறாங்க. அப்பதான் மோசம். ஆணி ஏறினாலும் தெரியாது. யாராச்சும் தினம் பாதத்தைத் தூக்கிப் பாத்திருக்கணும்."

வடிவு அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். "எரிச்சல் நின்னுதுன்னு செந்தூர்ல வெள்ளிப் பாதம் போட்டேனேய்யா" என்றாள் சர்ஜனிடம். "காலு அன்னைக்கே செத்துப்போச்சா? செத்ததுக்கா நான் நேத்திக்கடன் செலுத்துனேன்?" அந்தச் சர்ஜன் பையன், பாவம், தலையைக் குனிந்துகொண்டான்.

உள்ளே சண்முகசுந்தரம் யார் கையையோ பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார். "சர்க்கரை கொறஞ்சிருக்கு சார், தாள எடுத்துப் பாருங்க. எம்மவ எனக்குன்னே வண்டி செஞ்சு ஓட்ட வச்சுக் கொறச்சிருக்கா. அவளக் கூப்பிட்டுக் கேளுங்க, அவ இஞ்சினியரு. வலியே இல்லாத கால எதுக்கு சார் எடுக்கணும்?" தாரணி வாசலிலேயே நின்றாள். உள்ளே போய் அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்கு கூட இல்லை, காப்பாற்றப் போன கையே வெட்டிவிட்டது.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அவருடைய அண்ணனுக்கு எடுத்த அதே இடம்.

ஆபரேஷன் முடிந்து அவர் யாரையும் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாரணிக்கு நன்றாக இருந்திருக்கும். ஷோயப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தான், பையைக் கட்டில் அருகே வைத்தான், "வரேன் நைனா" என்று போய்விட்டான். காரிடாரில் தாரணியிடம், ஆர்டர் கொடுத்தவர்கள் கேட்கிறார்கள், என்ன சொல்வது என்று கேட்டான். "வலிக்கலைன்னு சொன்ன ஆளுங்க எல்லாரையும் திரும்ப வரச் சொல்லு" என்றாள் அவள். "எல்லாருமே அப்டித்தானக்கா சொன்னாங்க" என்றான் அவன்.

மூன்றாம் நாள் பகலில் வடிவு சாப்பிடப் போயிருந்தாள். தாரணி கட்டிலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மருந்து மயக்கத்தில் கிடந்தவர் திடீரென்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினார். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. அவள் பதறி எழுந்தாள்.

"என்னப்பா? என்ன செய்யுது?"

"வலிக்கு, ஏட்டி! வலி உயிரப் பிடுங்குது!"

"எங்கப்பா வலிக்குது?"

அவர் கையை நீட்டிக் காட்டினார். போர்வை மேடாக இருந்த இடம் முடிந்து, வெறும் மெத்தையில் தட்டையாகப் படிந்து கிடந்த இடம் அது.

எடுத்த காலில் சில பேருக்கு வலி வரும், பயப்படாதீர்கள் என்று சர்ஜன் முன்பே சொல்லியிருந்தார். சொன்னபோது அவளுக்கு அது காதில் ஏறவில்லை. இப்போது அவர் காட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சுண்டுவெரலுக்குக் கீழ" என்றார் அவர், மூச்சு வாங்க. "ஓரத்துல. வாரு அறுக்குது தாயி. குதிகாலுலயும் உரசுது, தோலு உரிஞ்சு எரியுது. ரொம்ப இறுக்கிட்ட. கொஞ்சம் லூசாக்கி விடேன்."

எத்தனை தடவை கேட்டிருப்பாள். கொட்டகையில் கேட்டாள், நடுத்தெருவில் மண்டியிட்டுக் கேட்டாள். அப்போதெல்லாம் வராத பதில் இப்போது இடம் தவறாமல், விரல் தவறாமல் வந்தது. நர்ஸைக் கூப்பிட மணியை அழுத்தினாள், யாரும் வரக் காணோம். அவர் மறுபடி அலறினார்.

தாரணி கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டாள். போர்வைக்குள் கையை விட்டாள். ஒன்றுமில்லாத இடத்தில், பாதம் இருந்திருந்தால் வார் எங்கே குறுக்கே போகுமோ அந்த இடத்தில், விரலை வைத்துக் கொக்கியை எடுப்பதுபோல எடுத்தாள்.

"லூசாக்கிட்டேன்ப்பா. இப்ப?"

அவர் கண்ணை மூடி, கூர்ந்து கவனித்துப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார். "இன்னும் வலிக்கு."